மரத்திலிருந்து கழற்றிய பலகை

நவம்பரில் எங்கள் பக்கம் மூன்று மணிக்கே இருட்டிவிடும். வெளிச்சம் இருக்கும்போதே எங்கள் புதிய கணினி விளையாட்டுக்குப் படம் எடுத்து முடித்துவிட வேண்டும் என்று, விடிந்ததும் விடியாததுமாக நானும் ஒஸ்ஸியும் என் அப்பாவின் பழைய வீட்டுக்குக் கிளம்பினோம்.

காயானி என்ற எங்கள் வடக்குச் சிறுநகரத்தில், மூடிப்போன ஒரு பேக்கரிக்கு மேலே எங்கள் அலுவலகம் இருக்கிறது. அலுவலகம் என்றால் இரண்டு மேசை, ஒரு காபி இயந்திரம், நாங்கள் இருவர். மறைந்திருக்கும் பொருளைத் தேடும் திகில் விளையாட்டுகள் செய்கிறோம். ஒரு பாழடைந்த வீடு, காணாமல் போன ஒரு பெண், அறைக்கு அறை குவிந்து கிடக்கும் சாமான்கள். திரையின் அடியில் ஒரு பட்டியல்: சாவி, கத்தரிக்கோல், ஒற்றைக் கையுறை. கண்டுபிடித்துத் தொட்டால் ‘டிங்’ என்று மணி அடிக்கும், பொருள் மறைந்துவிடும். எல்லாம் மறைந்தால் அடுத்த கதவு திறக்கும். விளையாடுகிறவர்கள் பெரும்பாலும் வயதான பெண்கள். என் அம்மா ஹெல்விதான் எதையும் முதலில் விளையாடிப் பார்த்துச் சொல்வாள். சம்பளம் கிடையாது. அதற்கும் சேர்த்துத் திட்டுவாள்.

“கத்தரிக்கோலை எங்கடி வெச்ச? கண்ணாடி போட்டுப் பாத்தும் தெரியல. கிழவிங்களச் சாகடிக்கன்னே கடை நடத்துறீங்களா?”

அவளுக்காகவே ஒஸ்ஸி புதிதாக ஒரு வசதி செய்திருந்தான். ஒரு பொருள் கிடைக்காமல் இரண்டு நாள் திரையைத் தொடாமல் விட்டால், விளையாட்டே அதை எடுத்துக் கொடுத்துவிடும். “உங்கம்மா வாய்க்குப் பயந்து ராத்திரி பகலா உக்காந்து பண்ணினேன்” என்று பெருமை வேறு.

ஒளித்து வைப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. சின்ன வயதிலேயே வந்த பழக்கம். சில இரவுகளில் அம்மா என்னை எழுப்பி, “வா, ஒளிஞ்சு விளையாடலாம்” என்பாள். சமையலறையில் மூடி போட்ட நீளப் பெஞ்சு ஒன்று இருந்தது. கம்பளிகளை விலக்கி அதற்குள் படுத்துக்கொள்வேன். மூச்சுச் சத்தம்கூட வராது. அம்மா வந்து மூடியைத் திறக்க வெகுநேரமாகும். நான் ஒரு தடவைகூடத் தோற்றதில்லை.

எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது அப்பா குளிரில் உறைந்து இறந்துபோனார். அடக்கம் முடிந்த கையோடு அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு நகரத்துக்கு வந்துவிட்டாள். வீட்டை விற்கவும் இல்லை, அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவும் இல்லை. துக்கம் தாளவில்லை போலும் என்று நினைத்திருந்தேன். அதனால்தான் படம் எடுக்கப் போவதை அவளிடம் சொல்லவில்லை. சாவி பக்கத்துப் பண்ணைக்காரரிடம் இருந்தது.

தேவாலயப் பாதை வீட்டை நோக்கித் திரும்பும் இடத்தில் ஒரு பெரிய ஊசியிலை மரம் நிற்கிறது. ஒரு பக்கத்துக் கிளைகளை மட்டும் யாரோ வெட்டியிருந்தார்கள். அடிமரத்தில் ஒரு பலகை. ஒரு சிலுவை, ‘ஆ. கெ.’ என்ற எழுத்துகள், 1941, 1986. என் அப்பா, ஆர்வோ கெம்பைனென்.

“அடேயப்பா, என்னா அழகா செதுக்கியிருக்காங்க! சமையலறைக் காட்சில இத வெச்சா தூக்கிடும்” என்றான் ஒஸ்ஸி.

“எங்கப்பா பேருடா அது.”

“அவரும் நம்ம விளையாட்டுல வரட்டுமே. வந்து சண்டையா போடப்போறார்?”

நான் சிரித்துவிட்டேன். ஆணிகள் துருப்பிடித்துத் தடித்திருந்தன. கழற்ற வெகுநேரம் ஆகும் என்று நினைத்தோம். ஒஸ்ஸி கை வைத்ததும் பலகை வந்துவிட்டது.

வீட்டுக்குள் வெளியைவிடக் குளிராக இருந்தது. எலிப்புழுக்கையும் பழைய சாம்பலும் கலந்த வாடை. சமையலறையில் பனிச்சறுக்குக் கட்டைகள், பால் பாத்திரம், நின்றுபோன கடிகாரம் என்று கிடைத்ததையெல்லாம் குவித்தோம். பலகையைக் கண்ணாடிக்குப் பின்னால் பாதி தெரியும்படி சொருகினேன். ஒஸ்ஸி படம் எடுக்கத் தொடங்கினான்.

சன்னலில் வெளிச்சம் நீலமாக மங்கிக்கொண்டிருந்தது.

அப்போது பாதையில் பனி நொறுங்கும் சத்தம் கேட்டது. யாரோ நடந்து வருகிறார்கள். அவசரமில்லாத, கனத்த நடை. வாசலுக்கு வந்து நின்றது. பிறகு பூட்ஸில் ஒட்டிய பனியை உதறுவதற்காக மரப்படியில் காலை உதைக்கும் சத்தம்.

தட். தட்.

“பண்ணைக்காரர் சாவி கேட்டு வந்திருப்பார்” என்று ஒஸ்ஸி போய்க் கதவைத் திறந்தான்.

யாரும் இல்லை. புகையிலையும் ஈரக் கம்பளியும் கலந்த நாற்றம் மட்டும் உள்ளே வந்தது. படிவரைக்கும் பனியில் காலடித் தடம் வந்திருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை.

கேமராவையும் பலகையையும் காரில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டோம். மறுநாள் அலுவலகத்தில் காபி குடிக்கும்போது, பயந்த கதையைச் சொல்லி நாங்களே சிரித்தோம். பலகையைச் சுவரில் மாட்டினோம்.

காட்சி தயாரானதும் வழக்கம்போல அம்மாவின் டேப்லெட்டுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பிற்பகலில் அவளிடமிருந்து போன் வந்தது. குரல் மிகவும் தணிந்திருந்தது.

“கண்ணாடிக்குப் பின்னால இருக்கே, அந்தப் பலகைய எங்கேருந்து எடுத்த?”

“அம்மா, கோச்சுக்காத. நம்ம பழைய வீட்டுக்குப் போயிருந்தோம்...”

“மரத்துலேருந்து கழட்டினியா?”

“ஆமா. ஏன்?”



“உடனே வா. படியேறும்போது பின்னால யாராவது வர்ற மாதிரி இருந்தா என் கதவைத் தட்டாத. அப்படியே திரும்பிப் போயிடு.”

அம்மாவின் வீடு மூன்றாவது மாடியில். கதவைத் திறந்து என்னை உள்ளே இழுத்து உடனே தாழிட்டாள். நடையில் ஒரு நாற்காலி. அதன்மேல் டேப்லெட் வாசலைப் பார்த்தபடி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. சார்ஜர் சொருகியிருந்தது. திரையில் என் சமையலறைக் காட்சி. எல்லாப் பொருளையும் கண்டுபிடித்துவிட்டிருந்தாள். பட்டியலில் மீதி ஒன்றுதான்: பலகை.

“அத மட்டும் தொடாத” என்றாள்.

காபி ஊற்றினாள். ஏலக்காய் ரொட்டியை நறுக்கினாள்.

“செத்தவங்க வீட்டு ஞாபகத்துல நடந்து வருவாங்கடி. வழியில அவங்க பேரையும் செத்த வருஷத்தையும் பாத்தா, ஓ, நாமதான் போய்ச் சேந்துட்டோமேன்னு நினைவு வந்து திரும்பிடுவாங்க. முன்னெல்லாம் நம்ம பக்கம் கல்லறைலேருந்து வீட்டுக்கு வர்ற வழியில, மரத்துக் கிளைய வெட்டி, எல்லாருக்கும் இப்படிப் பலகை அடிப்பாங்க. உங்கப்பாவுக்கு நான் சொல்லி அடிச்சது.”

“இப்ப அவர்...”

“மூணு நாளா வர்றார். இருட்டினதும் வாசல்ல பூட்ஸ உதறுறார். நேத்துலேருந்து இத வெச்சிருக்கேன். படமா இருந்தாலும் பேரு பேருதானே. நேத்து தட்டல, உதறிட்டுப் போயிட்டார்.”

“அப்பாதானம்மா. எதுக்கு இவ்வளவு பயப்படுற?”

அம்மா என்னை விநோதமாகப் பார்த்தாள்.

“அவர் செத்த ராத்திரி வாசல் வரைக்கும் வந்தார். குடிச்சிருந்தார். கோடாலிய இழுத்துக்கிட்டு வந்தார். நான் தாழ்ப்பாள எடுக்கல. விடியிற வரைக்கும் எடுக்கல. நீ பெஞ்சுக்குள்ள இருந்த.”

“நாம ஒளிஞ்சு விளையாடிட்டிருந்தோம்.”

“ஆமா” என்றாள் அம்மா. “விளையாட்டுதான்.”

எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருடம் அந்த இரவுகளை என் குழந்தைப் பருவத்தின் சந்தோஷம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

மறுநாள் காலை அலுவலகத்துக்கு ஓடினேன். ஒஸ்ஸி பலகையைச் சுவரிலிருந்து எடுத்துத் தயாராக வைத்திருந்தான். “எடுத்துட்டுப் போயிடு தாயே. படிக்கட்டு பூரா புகையிலை நாத்தம்” என்றான். மரம் வரைக்கும் காரை விரட்டிப் போய், பழைய ஆணித் துளையிலேயே புது ஆணி வைத்து ஆழமாக அடித்தேன். திரும்பி வரும்போது மனசு லேசாகிவிட்டது.

“அடிச்சாச்சும்மா. இனிமே நிம்மதியா இரு.”

அம்மா சந்தோஷப்படவில்லை.

“நீ ஆணி அடிக்கும்போது அவர் மரத்துக்கு எந்தப் பக்கம் இருந்தார்?”

கல்லறைப் பக்கம் வழி அடைபட்டுவிட்டது. அவர் இந்தப் பக்கம் இருக்கிறார்.

சன்னலுக்கு வெளியே நீலம் கறுத்தது. அம்மாவின் கட்டடத்தில் ஆள் நடந்தால் படிக்கட்டு விளக்கு தானாக எரியும். கதவுத் துளையில் கண்ணை வைத்துப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை. இருட்டுக்குள் கனத்த நடை மட்டும் ஏறி வந்தது.

தட். தட்.

“டேப்லெட் இருக்கு” என்று அம்மா என் கையைப் பிடித்தாள். “போயிடுவார்.”

டிங்.

இருவரும் திரும்பினோம். திரையில் பலகை மின்னியது, மங்கியது, மறைந்தது. இரண்டு நாளாக யாரும் தொடவில்லை என்று விளையாட்டே எடுத்துக் கொடுத்துவிட்டது. ‘எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டீர்கள்!’ என்று, விளையாட்டில் பதிவு செய்திருந்த ஒஸ்ஸியின் குரல் உற்சாகமாகக் கூவியது.

கதவு தட்டப்பட்டது.

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அம்மா என் கையை விட்டாள். சட்டையை இழுத்துச் சரி செய்துகொண்டு கதவருகே போய் நின்றாள். உயிரோடு இருந்தவரை அந்த மனிதரை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதவள், மரப்பலகையில் எழுத்து வெட்டுவது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“ஆர்வோ கெம்பைனென். பொறந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்தொண்ணு. செத்தது எம்பத்தாறு. செத்துட்டீங்க ஆர்வோ. போங்க.”

காலடி ஒவ்வொரு படியாக இறங்கியது.

அம்மா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அவளை நினைத்து அவ்வளவு பெருமைப்பட்டது அதற்கு முன்பு இல்லை.

அந்தக் காட்சியை அழித்தோம். டேப்லெட்டை ஒஸ்ஸி சுத்தியலால் உடைத்து ஏரியில் போட்டான். நான் அம்மாவோடு குடிவந்தேன். அவர் திரும்பிப் போக வழி விட்டு மரத்திலிருந்து பலகையைக் கழற்றிப் பார்த்தேன், வாசலிலேயே மாட்டிப் பார்த்தேன். எதற்கும் அவர் அடங்கவில்லை. தினமும் வருவார், உதறுவார், தட்டுவார். அம்மா சொல்வாள், இறங்கிப் போவார். நான் சொன்னால் போவதில்லை. இன்னும் பலமாகத் தட்டுவார். அவருக்கு அம்மாவின் குரல்தான் வேண்டும்.

குளிர்காலம் முழுக்க இப்படியே போனது. வசந்தத்தில் அம்மா காபியில் உப்பைப் போட்டாள். பிறகு ஒஸ்ஸியின் பெயரை மறந்தாள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, வயது என்றார். ஒருநாள் கதவருகே நின்று, “செத்தது... செத்தது...” என்று தடுமாறினாள். நான் காதில் சொன்னேன். அவள் திருப்பிச் சொன்னாள். அன்று காலடி இறங்க வெகுநேரமானது.

இது நடந்தது ஜூனில். சூரியன் நள்ளிரவில் கொஞ்ச நேரம் மறைந்தாலும் இருட்டுவதில்லை, சன்னலெல்லாம் வெயில். இருட்டே இல்லாததால் சில வாரங்களாக அவரும் வரவில்லை. நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

தட். தட்.

அந்த வெயிலில், பூட்ஸிலிருந்து பனி உதறும் சத்தம்.

ஓடி வந்தேன். அம்மா எனக்கு முன்பே நடையில் நின்றாள். “வருஷத்தச் சொல்லும்மா!” என்று கத்தப் போனேன். அவள் என் வாயைப் பொத்தினாள். அந்த முகத்தை நான் ஆறு வயதில் பார்த்திருக்கிறேன்.

“அப்பா வந்துட்டார்” என்று கிசுகிசுத்தாள். “போ கண்ணு, ஒளிஞ்சு விளையாடலாம். பெஞ்சுக்குள்ள போய்ப் படுத்துக்கோ. நான் வந்து கண்டுபிடிக்கிற வரைக்கும் சத்தம் போடக்கூடாது.”

மறு கையால் தாழ்ப்பாளை எடுத்தாள்.

எப்படி நடந்தேன், எப்படித் துணி அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டேன் என்று தெரியவில்லை. நாற்பத்திரண்டு வயது எனக்கு. முழங்காலைக் கட்டிக்கொண்டு மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். புகையிலையும் ஈரக் கம்பளியும் நாறியது. நாற்காலி இழுபடும் சத்தம். கோப்பை வைக்கும் சத்தம்.

“காபி சூடா இருக்கு, ஆர்வோ” என்றது அம்மாவின் குரல். “மெதுவாப் பேசுங்க. குழந்தை தூங்குது.”

வெகுநேரம் எதுவும் கேட்கவில்லை.

பிறகு அலமாரிக் கதவுக்கு வெளியே, மிக அருகில், அந்த மணி அடித்தது.

டிங்.