குடை விரிக்காத சனிக்கிழமை

சயந்தினி முதன்முதலாகப் பார்த்தபோது நேதனின் இரண்டு கைகளும் சுவரில் இருந்தன.

கோப்பன்ஹேகனில் ஒரு ரயில் நிலைய வாசல். நவம்பர் மழை. இரண்டு போலீஸ்காரர்கள் அவனுடைய பையைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ வெள்ளை முகங்கள் பக்கத்தால் போயின. ஒருவரையும் அவர்கள் நிறுத்தவில்லை. சயந்தினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

"எதற்காக இவரை நிறுத்தினீர்கள்?" என்று டேனிஷில் கேட்டாள்.

"இது சோதனை வலயம். இங்கே யாரையும் நிறுத்தக் காரணம் தேவையில்லை," என்றார் ஒருவர், மரியாதையாகவே.

பையில் இருந்தவை ஆஸ்பத்திரி அடையாள அட்டையும் சோற்றுப் பெட்டியும்தான். அவர்கள் போனதும் அவன் திரும்பினான். இமையெல்லாம் மழைத்துளி... கோபத்தில்கூட இவ்வளவு அழகாக இருக்குமா கண்கள்?

"தங்கச்சி, உங்களை ஆர் கூப்பிட்டது?"

"நான் ஒண்டும் உங்கட தங்கச்சி இல்லை!"

"அப்ப... அக்காவோ?"

சிரிக்கக் கூடாது என்று நினைத்தாள். சிரித்துவிட்டாள். அவன் குனிந்து, கழன்றுபோன சைக்கிள் சங்கிலியை மாட்டிக் கொடுத்தான். கை கறுத்துப் போயிற்று. அதற்குக் கைமாறாக ஒரு கோப்பி வாங்கிக் கொடுக்காமல் எப்படி?

அவன் ஹொல்ஸ்டெப்ரோ ஊர்ப் பிள்ளை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ச் சபையில், டேனிஷ் போதகரின் பிரசங்கத்தை வரிக்கு வரி உரத்த குரலில் தமிழில் சொல்கிறவன். அவள் பிராண்டே ஊரில் பிறந்தவள், வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை. தோற்றத்தைப் பார்த்து மறிப்பதைத் தடுக்க வேண்டும், யாரை மறித்தாலும் போலீஸ் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் கேட்கும் குழுவில் இருந்தாள். அந்தக் குழுவின் தூண் மிரியம் என்ற யூத அம்மா.

"யூத ஆக்களுக்கு இதில என்ன?" என்றான் நேதன்.

"சனிக்கிழமை சதுக்கத்தில கூட்டம். வந்து அவவிட்டயே கேளுங்கோ. நீங்களும் கதைக்கவேணும்."

அவன் முகம் சட்டென்று மூடிக்கொண்டது. "ஏலாது."

"உங்களை எத்தினை தரம் மறிச்சிருப்பாங்கள்?"

"எண்ணுறதை விட்டிட்டன். அதைச் சொல்லி நாலு பேர் என்னைப் பாவம் பாக்கவேணுமோ?"

"இதென்ன வறட்டு ரோசம்!"

"அவங்களால என்ர பையில இருந்து எடுக்கேலாத சாமான் அது ஒண்டுதான்."

எழுந்து போய்விட்டான். அவனுடைய கோப்பி ஆறிக் கிடந்தது. 'ஏன்டி உனக்கு இந்த வாய்?' என்று அந்த வாரம் முழுக்க அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். மறக்கத்தான் பார்த்தாள்... அந்த இமைகள் விட்டால்தானே!

சனிக்கிழமையும் மழை. மிரியமும் அவருடைய தொழுகைக்கூடத்து மக்களும் நடந்தே வந்தார்கள், தெப்பலாக நனைந்து. சயந்தினி ஓடிப்போய்க் குடையை நீட்டினாள்.

"இன்று சபாத், மகளே. எங்கள் ஓய்வுநாள். குடை விரிப்பதும் மின்சாரத்தைத் தொடுவதும் இன்று எங்களுக்கு வேலைக் கணக்கு. குடை விரிக்க மாட்டேன். மைக்கிலும் பேச மாட்டேன்."

சயந்தினிக்குப் பகீரென்றது. எல்லோருக்கும் லீவு என்று இந்த நாளைக் குறித்தவளே அவள்தான்!

"ஐயோ... ஏன் சொல்லவில்லை?"

"நடந்து வரலாமே என்று நினைத்தேன்," என்று சிரித்தார் மிரியம்.

படியில் ஏறிப் பேசத் தொடங்கினார். மெல்லிய குரல், மழை அதை விழுங்கிற்று. "கேட்கவில்லை!" என்றார்கள் பின்னால் நின்றவர்கள். சிலர் கலையத் தொடங்கினார்கள். சயந்தினி மைக்கையும் மிரியத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் திரும்பச் சொல்கிறேன்."

நேதன்! கூட்டத்தைப் பிளந்து வந்து, மைக்கைத் தொடாமல் மிரியத்தின் பக்கத்தில் நின்றான். அவர் ஒரு வரி சொன்னார். அவன் அதே டேனிஷ் வரியைச் சதுக்கம் அதிரத் திரும்பச் சொன்னான்.

"நான் யூதப் பெண். என் தொழுகைக்கூட வாசலில் போலீஸ் என்னைக் காக்கிறது. அதற்கு நன்றி சொல்கிறேன்."

"ஆனால் அதே போலீஸ் என் அயலவனை அவன் நிறத்துக்காக நிறுத்தினால், எனக்குக் கிடைத்தது பாதுகாப்பு இல்லை, சலுகை."

"நாங்களும் அந்நியராய் இருந்தவர்கள். அந்நியனை வருத்தாதே என்று எங்கள் வேதம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அதனால்தான் இந்தச் சட்டத்தைக் கேட்கிறேன்."

மிரியம் முடித்துக்கொண்டார். நேதன் முடிக்கவில்லை.

"இனி வருவது அவர் சொன்னதில்லை. என் சொந்த வசனம். என் பெயர் நேதன். உங்கள் எலும்பு முறிந்தால் படம் எடுக்கிறவன் நான். என்னையும் சுவரில் கைவைக்கச் சொன்னார்கள், பல தடவை. எனக்கு இரக்கம் வேண்டாம். காரணம் வேண்டும்!"

சதுக்கம் ஆர்ப்பரித்தது. மிரியம் அவன் கையைப் பிடித்து உயர்த்தினார். 'என்ர ஆள்' என்று சயந்தினியின் மனம் சொல்லிற்று, வெட்கமே இல்லாமல்.

கூட்டம் கலைந்தது. அவளும் குடையை விரிக்கவில்லை. இருவரும் நனைந்துகொண்டு நின்றார்கள்.

"வரமாட்டன் எண்டனீங்கள்?"

"பின்னுக்குத்தான் நிண்டனான். அந்த அம்மா தன்ர ரோசத்தோட நனைஞ்சுகொண்டு எனக்காகக் கதைச்சா... அப்பதான் விளங்கிச்சு, ரோசம் வாயை மூடிக்கொண்டுதான் இருக்கவேணும் எண்டில்லை." அவன் தலையைக் கோதினான். "ஒரு வரி சொல்லுறன். திரும்பச் சொல்லுவீங்களோ?"

"ஓம்... சொல்லுங்கோ."

"நான் உங்களை விரும்புறன்."

மழை, இமை, அந்தக் கண்கள்... சயந்தினி நிமிர்ந்து நின்றாள்.

"நான் உங்களை விரும்புறன்."

"சபையில நான் சொல்லுறமாதிரி, வரி பிசகாமல் சொல்லிப்போட்டீங்கள்," என்றான் அவன்.

"திரும்பச் சொல்லேல்லை, நேதன். அது என்ர சொந்த வசனம்."