கண்ணாடிக் கண்ணின் ஆரோக்கியம்

"வலது கண்ணை நெருக்கமாக வையுங்கள்" என்றது நிணநோக்கி இயந்திரம்.

"அதுதானுங்க இல்ல" என்றார் வெள்ளிங்கிரி, மறுபடியும்.

நிணநோக்கிக்குக் காது கிடையாது. அதை வடிவமைத்தவருக்கு அப்படியொரு உறுப்பின் அவசியம் தோன்றியிருக்காது. பீளமேட்டில் பேக்கரி நடத்தும் வெள்ளிங்கிரியின் வலது கண்ணை, உள்ளே வளர்ந்த கருமைப் புற்றோடு சேர்த்து, போன வருடம் இதே மருத்துவமனையில்தான் எடுத்தார்கள். இப்போது அங்கே இருப்பது கண்ணாடிக் கண். வேறு வழியின்றி அதையே கொண்டுபோய் வைத்தார்.

"நிண எண்: பூஜ்யம். முன்கணிப்பு: மிகச் சிறப்பு. கல்லீரல் படம் தேவையில்லை. வாழ்த்துகள்."

"உங்க ஒடம்புலயே நோவில்லாதது அந்தக் கண்ணாடி ஒண்ணுதான்" என்றாள் மனைவி மரகதம். "அதைப் பாத்து வாழ்த்துச் சொல்லுதுங்க, கூறுகெட்ட மிசினு."

நிணநீர் ஓடும் நிணநாளங்கள் கண்ணுக்குள் இயல்பாகக் கிடையாது. புற்று கண்ணின் சுவரைத் துளைத்துவிட்டால், வெளியே இருக்கும் நாளங்கள் உள்ளே கிளைவிடும். அது கெட்ட அறிகுறி. அந்தக் கிளைகளைப் பார்த்து ஆயுளுக்கு மதிப்பெண் போடுவதுதான் நிணநோக்கியின் வேலை. இந்தப் புற்று ஊர் மாறினால் பெரும்பாலும் கல்லீரலில்தான் குடியேறும் என்பதால், முன்பெல்லாம் கண் எடுத்தவர்கள் அனைவருக்கும் கல்லீரலைப் படம்பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது நிண எண் இல்லாமல் எந்த ஊரிலும் படம் எடுக்கக் கூடாது என்பது சட்டம். எண் பூஜ்யமென்றால், விலாவுக்குக் கீழே வலித்தாலும் அது வலியாகாது.

வெள்ளிங்கிரிக்கு வலித்தது. தூக்கம் போய், சோறு இறங்காமல், வலித்தது.

அப்போதுதான் நிணநோக்கியைக் கண்டுபிடித்த டாக்டர் திருஞானவேல், பயிற்சி மருத்துவர்கள் புடைசூழ எழுந்தருளினார். சுவரில் அவருடைய படம். அதன் கீழே தங்க எழுத்துகளில் 'நிணநோக்கி தவறாது'.

"டாக்டர், இது கண்ணாடிங்க. கண்ணாடில எப்படிங்க நாளம் வளரும்?"

"வளரலையே! அதைத்தானே கரெக்டா பூஜ்யம்னு சொல்லுது?" பயிற்சி மருத்துவர்கள் தலையாட்டினார்கள். "கண் எடுத்த அத்தனை பேருக்கும் பூஜ்யம். நூத்துக்கு நூறு வெற்றி. மாநாட்டுல எழுந்து நின்னு கைதட்டினாங்க."

"வலிக்குதுங்க."

"நீங்க உக்கார்ற விதமே சரியில்ல. எந்திரிங்க." டாக்டர் அந்த இடத்தில் தாமே உட்கார்ந்து, சீடர்கள் பக்கம் திரும்பினார். "எல்லாரும் கவனிங்க. தாடை இங்க. நெத்தி இங்க. வலது கண்ணு இப்படி."

வெள்ளிங்கிரியின் நோயாளி அட்டை இன்னும் இயந்திரத்தின் வாயிலேயே இருந்தது.

நிணநோக்கி வழக்கத்தைவிட அதிக நேரம் முனகியது.

"வெள்ளிங்கிரி அவர்களே. நிண எண்: ஒன்பது. நாளங்கள் உள்ளே கிளைவிட்டுள்ளன. முன்கணிப்பு: மோசம். கல்லீரல் படம் உடனடியாக எடுக்கவும்."

கல்லீரல் படத்துக்கான டோக்கன் வெளியே எட்டிப் பார்த்தது. மரகதம் பாய்ந்து பிடுங்கிக்கொண்டாள்.

"அதைக் குடுங்கம்மா. அது... ஏதோ கோளாறு" என்றார் டாக்டர்.

"கோளாறுங்களா?" மரகதத்தின் குரலுக்கு வரிசையே திரும்பியது. எல்லோருமே கண் எடுத்தவர்கள்.

"அப்ப எங்களுக்குச் சொன்ன பூஜ்யமும் கோளாறுதானுங்களா?" என்றார் வரிசையில் ஒருவர்.

பயிற்சி மருத்துவர்கள் தங்க எழுத்துகளைப் பார்த்தார்கள். பிறகு டாக்டரைப் பார்த்தார்கள்.

"கோளாறெல்லாம் இல்ல" என்றார் டாக்டர். "நிணநோக்கி தவறாது."

"ரொம்ப சந்தோசமுங்க" என்று டோக்கனை முந்தானையில் முடிந்துகொண்டு கணவரைக் கிளப்பினாள் மரகதம்.

நாலடி நடந்த வெள்ளிங்கிரி நின்றார். மனசு கேட்கவில்லை.

"டாக்டர், அது என்ற கண்ணு இல்லீங்களே, உங்க கண்ணுங்களே. எதுக்கும் உங்க அட்டையப் போட்டு ஒருக்கா பாத்துக்கங்க."

படம் எடுக்கும் அறையின் வாசலில் அவர் தம் ஒற்றைக் கண்ணால் திரும்பிப் பார்த்தபோது, டாக்டர் திருஞானவேல் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, சுவரிலிருந்த தங்க எழுத்துகளை ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார்.