நூறு வாட் குறைகிறது

"ஏசியைக் கொஞ்சம் நிறுத்துடி யுஸ்மா. குளிருது," என்று உள்ளறையிலிருந்து அம்மா சொன்னாள்.

யுஸ்மரி அடுப்படியில் மக்காச்சோள ரொட்டியான அரேப்பாவைத் திருப்பிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. ஏசி மார்ச் மாதமே செத்துவிட்டது. அதன் வயிற்றிலிருந்த செம்புக் குழாயைக்கூட விற்றுத் தின்றாகிவிட்டது. சுவரில் தொங்குவது வெறும் கூடு.

ஏரிக்கரை நகரமான மரகாய்போவில் அப்போது உச்சி வெயில் சாய்ந்துகூட இருக்கவில்லை. தார் இளகிச் செருப்பில் ஒட்டும் நேரம். நாய்கள் குரைக்கத் தெம்பில்லாமல் கார்களுக்கு அடியில் நாக்கைத் தொங்கவிட்டுக் கிடக்க, ஏரியிலிருந்து எண்ணெய் வாடையோடு எழுந்த காற்று தகரக் கூரைகளைத் தடவித் தடவி இன்னும் சூடேறி, ஜன்னல் வழியாக வந்து முகத்தில் ஈரத்துணி போல ஒட்டிக்கொண்டது. மாவுத் தூள் அவள் முழங்கை வியர்வையில் கரைந்து வழிந்தது.

அவள் உள்ளறைக் கதவைத் திறந்தாள். கணுக்காலில் முதலில் பட்டது. தரையோடு தரையாக ஊர்ந்து வந்த குளிர்.

முன்பு ஏசியின் குளிர்ச்சி வெளியேறாதிருக்க அந்த அறை ஜன்னலில் அட்டையும் வெள்ளித்தாளும் ஒட்டியிருந்தார்கள். அதனால் பகலிலும் இருட்டு. கணினித் திரையின் நீலம் மட்டும் சுவரில் படிந்திருந்தது. சூடான தூசியும் பழைய பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை. மேசையருகே கட்டிய வலைத்தூளியில் அம்மா நெல்வா, போர்வையைத் தாடைவரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

அம்மாவை அங்கே படுக்கவைத்தவள் யுஸ்மரிதான்.

அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் அவள். பேருந்துக்குக் காசில்லாமல் நடந்தே போய் வாங்கிய மின்பொறியியல் பட்டம். அதை வைத்து இந்த ஊரில் அரேப்பா சுடலாம். கூடப் படித்தவர்கள் எல்லோரும் எல்லை தாண்டிப் போய்விட்டார்கள். அவளுக்குப் பனாமாவிலிருந்து ஒரு கட்டட நிறுவனம் ஆளைச் சோதித்துப் பார்க்க ஒரு வேலை கொடுத்திருந்தது: கட்டாத ஒரு மாளிகையைக் கட்டியதுபோலப் படமாக்கி, இன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பினால் நிரந்தர வேலை. இல்லாவிட்டால் அவளும் எல்லைக்குப் பேருந்து ஏற வேண்டியதுதான், அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு.

படத்தைக் கணினி பல நாளாக வரைந்துகொண்டிருந்தது. அவள் அறையில் இருக்கும்வரை ஓடும். வெளியே போன கொஞ்ச நேரத்தில் பொட்டென்று அணைந்துவிடும். வயரை மாற்றினாள். பிளக்கை மாற்றினாள். விசிறியைத் துடைத்தாள். ஆள் இருந்தால் ஓடியது, அவ்வளவுதான். முதலில் அவளே உட்கார்ந்திருந்தாள். எழுந்தபோது கைகால் சில்லிட்டுப் போயிருந்தது. சரியாகச் சாப்பிடாத உடம்பு என்று நினைத்துக்கொண்டாள். பிறகு அம்மாவின் தூளியைக் கொண்டுவந்து இங்கே கட்டினாள். ஏன் என்று கேட்டுக்கொள்ளவில்லை. வேலை முடிய வேண்டும்.

நேற்று அது அணைந்து கிடந்தபோது, கணினிக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டியைத் திறந்து பார்த்திருந்தாள். இப்போது அறை வாசலில் நின்றபடி, அதை விற்ற சந்தைக் கடைக்காரன் எலியோவுக்குப் போன் போட்டாள்.

"உள்ள சிமெண்ட் கட்டியை ஒட்டி வச்சிருக்கே, எலியோ?"

"இஞ்சினியரம்மாவா! நான் ஒட்டலம்மா, வரும்போதே அப்படித்தான் வருது. ஜனங்க கையில தூக்கிப் பார்த்துத்தானே வாங்குறாங்க. கனமா இருந்தா நல்ல சரக்கு."

"அறுநூறு வாட்னு ஸ்டிக்கர். இருநூறே தாண்டாது."

"அடப்பாவமே. உன் கிராஃபிக்ஸ் கார்டு மட்டுமே நூத்தம்பது குடிக்குமே. அப்ப ஓடவே ஓடாதே."

"ஓடுது."

சந்தை இரைச்சலுக்கு நடுவே எலியோ சிரித்தான். "ஓடுதுன்னா அப்புறம் எதுக்குச் சண்டை? நம்ம ஊர்ல ஓடுறதை எவனாவது நோண்டுவானா?"

வைத்துவிட்டான்.

பிளக்குக்கும் கணினிக்கும் நடுவில் மாட்டியிருந்த மீட்டரை அவள் குனிந்து பார்த்தாள். சுவரிலிருந்து போவது இருநூறு. திரையின் மூலையில், உள்ளே ஒவ்வொரு பாகமும் எரிக்கும் வாட் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கூட்டினாள். முந்நூறு. மறுபடி கூட்டினாள். மீட்டரைக் கழற்றி மாட்டுவதற்கில்லை; மறுபடி தட்டிப் பார்த்தாள். இருநூறு வாங்கி எதுவும் முந்நூறு எரிக்க முடியாது. நூறு வேறெங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது.

நூறு.

ஏசி பாடம் நினைவுக்கு வந்தது. ஓர் அறைக்கு எவ்வளவு பெரிய ஏசி வேண்டும் என்று கணக்குப் போடும்போது வெயிலையும் விளக்குகளையும் சேர்ப்பதுபோல ஆட்களையும் சேர்க்க வேண்டும். சும்மா இருக்கும் ஓர் உடம்பு விடும் சூடு ஏறக்குறைய ஒரு நூறு வாட் பல்பு. "சார், எங்க மாமியாரு ஐநூறு," என்று பின் பெஞ்சில் ஒருவன் சொல்ல, வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

"அம்மா. எந்திரி. வெளிய வா."

"இருடி, கண்ணு சொக்குது." அம்மாவின் உதடுகள் மட்டும் அசைந்தன. "குளிரு விட்டுப்போச்சு. சுகமா இருக்கு."

யுஸ்மரி அம்மாவின் கையைத் தொட்டாள். குழாயடித் தகரக் குடம்போலச் சில்லென்று இருந்தது.

திரையில் தொண்ணூற்று நான்கு சதவீதம்.

இழுத்துப்போட வேண்டியதுதான். தெரியும். ஆனால் அம்மா வெளியே போனால் அணையும். அணைந்தால் முதலிலிருந்து. இன்னும் கொஞ்சம். ஒரு கால்மணி. அவள் அம்மாவின் மேல் இன்னொரு போர்வையைப் போர்த்தினாள். ஓரங்களை நன்றாகச் செருகினாள். சூடு வெளியே போகாமல். அறைக் கதவையும் சாத்தினாள்.

தொண்ணூற்று ஐந்து.

அப்போது கரண்ட் போனது.

அடுப்படி ஃப்ரிட்ஜ் ஒருமுறை உதறி நின்றது. பக்கத்து வீட்டு ரேடியோ பாதிச் சொல்லில் அறுந்தது. தெரு முழுக்க விசிறிகள் ஒவ்வொன்றாக மூச்சை விட்டன. "போச்சுடா! ஒழிஞ்சுது!" என்று யாரோ கத்தினார்கள். பிறகு அமைதி.

அமைதியில் ஒரே ஒரு விசிறி.

மேசைக்கு அடியில்.

மீட்டரில் எண் இல்லை. வெறும் கறுப்பு. திரையில் நீலம்.

சுவரிலிருந்து ஒன்றும் வரவில்லை. முந்நூறும் வேண்டும்.

அம்மா வாயைத் திறந்தாள். வெண்புகையாக மூச்சு வந்தது. மரகாய்போவில். இன்னொன்று. அதைவிடச் சிறியது. யுஸ்மரி அவள் அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். தூளி அசைந்தது. அம்மா அசையவில்லை. கனம். சிமெண்ட் கனம். விரல்களில் உணர்ச்சி போயிருந்தது. பிறகு முழங்கை. வாசல் நான்கடி தூரம். கால்கள் கேட்கவில்லை. முட்டி மடிந்தது.

விசிறி இழுத்து இழுத்துச் சுற்றியது. திரை மங்கியது. பிரகாசித்தது. மறுபடி மங்கியது. பத்தவில்லை. இரண்டு பேர்தான். அணைந்துவிடும். இப்போது அணைந்துவிடும்.

வெளியே இரும்புக் கேட் கிரீச்சிட்டது.

"யுஸ்மா!" பக்கத்து வீட்டு ப்ரிசெய்தா. "விசிறிச் சத்தம் கேக்குதேடி! தெருவே செத்துக் கெடக்கு, உங்க வீட்டுக்கு மட்டும் மாதா கரண்ட் குடுத்துட்டாளா? போனைச் சார்ஜ் போட்டுக்கறேன்!"

வராதே. யுஸ்மரி கத்தினாள். வாயிலிருந்து புகைதான் வந்தது.

"ஏய், இங்க கரண்ட் இருக்கு! வாங்க!" என்று ப்ரிசெய்தா தெருப்பக்கம் திரும்பிக் கூவினாள்.

செருப்புச் சத்தம். இன்னொரு செருப்பு. குழந்தைகள் ஓடிவரும் சத்தம். அடுப்படியைத் தாண்டி, சார்ஜர் வயர்களைத் தரையில் இழுத்துக்கொண்டு.

கதவு திறந்தது.

மேசைக்கு அடியில் விசிறி திணறுவதை நிறுத்தி, சீராகச் சுற்றத் தொடங்கியது.