சங்குக்கு எழுந்த ரத்தம்

இரண்டேகால் மணிக்குத் தேயிலைத் தொழிற்சாலையின் சங்கு அலறியது.

ஆனந்தி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். மதியச் சங்கு ஒரு மணிக்கே ஊதிவிட்டது. அதற்குப் பிறகு போன மின்சாரம் இன்னும் வரவில்லை. மின்சாரம் இல்லாமல் எப்படி ஊதும்?

வண்டிப்பெரியாருக்கு மேலே, அவள் வேலை பார்க்கும் எஸ்டேட் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை அறையில், டெட்டால் வாடையும் ஜன்னல் வழியே புகுந்த மூடுபனியின் ஈர வாடையும் கலந்து கிடந்தன. மேசைமேல் தபால்தலை அளவுக் கண்ணாடிச் சில்லு. அதற்குள் தலைமுடியைவிட மெல்லிய வாய்க்கால். அடியிலுள்ள படிகத்துக்கு மின்சாரம் கொடுத்தால், காதுக்கு எட்டாத ஒலி எழும்பி, பம்பு இல்லாமலே ரத்தத்தைத் தள்ளிக்கொண்டு போகும். அணுக்களைப் பிரித்து நீரைத் தனியே ஒதுக்கும். அந்த நீரில் பூச்சிமருந்தின் விஷம் தெரிந்துவிடும்.

சில்லில் இருந்தது அவள் அப்பா நல்லதம்பியின் ரத்தம். மருந்தடிக்கப் போய்ச் சரிவிலேயே விழுந்து செத்தவர். சாராயம் குடித்துச் செத்தான் என்று எழுதிவிட்டார் மேனேஜர் ஜிபி. அதைப் பொய்யாக்க மிஞ்சியது இந்த ஒரு சொட்டுதான்.

ஜிபி வாசலை மறித்து நின்றார். "அதிங்கு தா, ஆனந்தி. கம்பெனி சாதனமாணு."

"எங்கப்பா ரத்தமும் கம்பெனி சாமானா சார்?"

சங்கு ஓயவில்லை. ஆனந்தி சில்லைப் பார்த்தாள். ஒயர் கழன்று கிடந்தது. ஆனாலும் ரத்தம் நகர்ந்தது. தொழிற்சாலை இருந்த திசைக்கு. சில்லைத் திருப்பி வைத்தாள். ரத்தமும் மறுபடி தொழிற்சாலைப் பக்கமே திரும்பியது.

குளிர்பெட்டிக்குள் கிணுகிணுவென்று சத்தம். திறந்தாள். நாற்பது தொழிலாளர்களின் ரத்தம், காலைப் பெரட்டில் ஆள் எண்ண வரிசை கட்டுவதுபோல், குழாய்களின் ஒரே பக்கச் சுவரில் ஏறி நின்றது.

"எந்தா இது?" ஜிபியின் குரல் உடைந்தது.

அவர் மூக்கில் ஒரு சொட்டு. கீழே விழவில்லை. கன்னத்தின் குறுக்கே ஊர்ந்தது. காதைத் தாண்டியது. இன்னொரு சொட்டு. பிறகு நூல். சிவப்பு நூல். காற்றில் கிடையாக. ஜன்னலுக்கு வெளியே, தொழிற்சாலைப் பக்கம். பனிக்குள்.

"நிறுத்து... ஆனந்தி, இத நிறுத்தச் சொல்லு!"

அவள் தன் மேலுதட்டைத் தொட்டாள். விரலில் சிவப்பு ஈரம். முழங்கால்களை ஊன்றி எழுந்தாள். ஜிபியை நேராகப் பார்த்தாள்.

"மூக்குல ரத்தம் வருது, இன்னிக்கு ஒருநாள் விட்ருங்கன்னு எங்கப்பா கெஞ்சுனப்ப நீங்க சொன்னதுதான் சார். சங்கு ஊதிருச்சு, வேலைக்குப் போ!"