கதவடியில் மஃப்ளர்

லண்டன் மோர்டனில் இருந்த அந்த வீட்டுக்குள் காலை வைத்ததும் சயந்தினியின் மூக்கில் ஏறியது பூட்டிக் கிடந்த வீட்டின் ஈர வாடை. ஒரு வருடமாக ஆளில்லாத வீடு. அவளுடைய அண்ணன் இராஜேந்திரன் போன தை மாதம் இங்கேதான், மாடிப் பின்னறையில், குளிரில் விறைத்துச் செத்துப்போனார்.

மறுநாள் முதல் லண்டனில் கடுங்குளிர் என்று வானொலி ஓயாமல் அலறிக்கொண்டிருந்தது. குழாயில் தண்ணீர் உறைந்து வெடித்தால் வீடு குளமாகிவிடும். விலைக்குப் போட்டிருக்கும் வீட்டை வாங்க வருகிறவர் திரும்பியும் பார்க்கமாட்டார். ஆகவே கணவன் கிருஷ்ணராசா ஹவுன்ஸ்லோவில் இருக்கும் தங்கள் வீட்டிலிருந்து கார் நிறைய ஒட்டுநாடாவும் குழாய்க்கு மாட்டும் ஸ்பொஞ்ச் உறைகளும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். மனுசன் எதையும் அளவோடு வாங்கிப் பழக்கமில்லாதவர்.

"நான் கூரைக்குள்ளை ஏறிப் பைப்புக்குச் சுத்திறன். நீர் கீழை காத்து வாற இடமெல்லாம் பாத்து அடையும்," என்றார். ஏணியில் கால் வைத்தவர் அப்படியே நின்றார். "போன வருசம் இப்பிடி ஒருக்கா வந்து அந்தப் பாய்லரைப் பாத்திருந்தா, மச்சான் இண்டைக்கு இருந்திருப்பார்."

கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்திருக்கவேண்டும். புளிக்கவில்லை. ஏனென்றால் வீட்டைச் சூடாக்கும் அந்தப் பாய்லரில் ஒரு பழுதும் இருக்கவில்லை.

அண்ணனுக்குப் புதுச் சாமான் என்றாலே பயம். அதனால் தன் வீடு, அவர் வீடு இரண்டின் ஹீட்டிங்கையும் சயந்தினியே தன் போனில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். "சுவரில இருக்கிற ஹீட்டிங் சுவிச்சை நீங்கள் தொடாதேங்கோ அண்ணை, நான் பாத்துக்கொள்ளுறன்," என்று கண்டிப்பாகச் சொல்லியும் இருந்தாள். டொரொண்டோவில் ஒரு கலியாணத்துக்குப் புறப்பட்டபோது, ஹீத்ரோவில் விமானம் ஏறுகிற அவசரத்தில், தன் வீட்டு ஹீட்டிங்கை அணைப்பதாக நினைத்து அண்ணன் வீட்டினதை அணைத்துவிட்டாள். அந்தக் கிழமைதான் பனி கொட்டியது.

அண்ணன் செத்த செய்தி வந்தபோது கலியாண மண்டபத்துக் கழிவறைக்குள் நின்று போனைத் திறந்தாள். தான் செய்தது தெரிந்தது. உடனே ஹீட்டிங்கைப் போட்டாள். அவர்கள் லண்டன் திரும்பியபோது வீடு கணகணவென்றிருந்தது. பாய்லர் விட்டு விட்டு வேலை செய்திருக்கிறது என்று கிருஷ்ணராசா தானே முடிவுகட்டி, பழியையும் தானே தலையில் தூக்கிக்கொண்டார். பாவம் மனுசன், அவள் தடுக்காமல் தூக்கவிட்டாள்.

நாலு மணிக்கே இருட்டிவிட்டது. நாடாவும் கத்தரிக்கோலுமாகச் சமையலறைப் பின்கதவடியில் குனிந்தாள்.

அங்கே ஏற்கெனவே துணி அடைத்திருந்தது.

நீலக் கட்டம் போட்ட சாரம். இறுக முறுக்கி, காற்றுப் புக இடமில்லாமல் திணித்திருந்தது. அண்ணன் வீட்டில் இடுப்பில் கட்டுவது. அவருடைய உடுப்பு முழுவதையும் அவளே பையில் கட்டிப் பழந்துணி வாங்கும் தருமக் கடையில் கொடுத்திருந்தாள், இந்தச் சாரத்தையும் சேர்த்துத்தான். சன்னலுக்குப் போனாள். அந்த இடுக்கிலும் துணி. அடுத்த சன்னலிலும் துணி. எல்லாவற்றிலும் அண்ணன் மார்பில் பூசும் தைலத்தின் மணம்.

மாடியில் யாரோ நடந்தார்கள். பின்னறைக் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

கிருஷ்ணராசா இறங்கிவிட்டார் என்று நினைத்தாள். இந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்த அறைக்குள் தனியே இருந்து அழுவது அவர் வழக்கம். படியேறிப் போனாள். மாடி விளக்கு எரியவில்லை. பின்னறைக் கதவடியில் ஒரு மஃப்ளர் உள்ளேயிருந்து செருகியிருப்பது காலில் தட்டுப்பட்டது. கதவுக்கு அப்பால் மூச்சு, நடுங்கி நடுங்கி வந்தது.

அழுகிறார். இன்னும் என்னால்தான் அழுகிறார்.

அவளால் தாங்க முடியவில்லை. நெற்றியைக் கதவில் வைத்தாள்.

"இஞ்சேருங்கோ, அழாதேங்கோ. பாய்லர் பழுதில்லை. நான்தான் போனில மாறி அமத்திப்போட்டன். உங்களிலை ஒரு பிழையும் இல்லை."

மூச்சு நின்றது.

"தெரியும் தங்கச்சி," என்றது உள்ளேயிருந்த குரல். "நான் அதைத் தொடேல்லை."

தலைக்கு மேலே பலகை கிரீச்சிட்டது. கூரை வாயிலிலிருந்து டோர்ச் வெளிச்சமும், அதன் பின்னால் கிருஷ்ணராசாவின் முகமும் எட்டிப் பார்த்தன.

"ஆரோடை கதைக்கிறீர்?"

சொல்லியிருக்கலாம். ஒருமுறை சொல்லிப் பழகிய வாய்தானே. ஆனால் கதவிடம் சொல்வது வேறு, அந்த முகத்தைப் பார்த்துச் சொல்வது வேறு.

"ஒருத்தரோடையும் இல்லை," என்றாள். "வாங்கோ, போவம்."

"மேலை பைப் எல்லாம் ஏற்கெனவே சுத்திக் கிடக்கு. மச்சான்ரை சேட்டுகள் மாதிரிக் கிடக்கு. நீரோ செய்தனீர்?"

"ஓம்," என்றாள்.

வழி முழுவதும் கார் ஹீட்டரைக் கூட்டிக்கூட்டிப் பார்த்தும் அவளுடைய விரல்களில் சூடு ஏறவில்லை. ஹவுன்ஸ்லோ வீட்டில் ஹீட்டிங் முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. இருந்தும் பேசும்போது வாயில் புகை வந்தது. கம்பளி எடுக்க அவள் மாடிக்கு ஏற, கிருஷ்ணராசாவும் பின்னாலேயே வந்தார். அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினாள். திறக்கவில்லை.

கிருஷ்ணராசா குனிந்து கதவடியைத் தடவினார். உள்ளேயிருந்து செருகிய பழுப்பு மஃப்ளரின் நுனி அவர் விரலில் சிக்கியது.

"இது நான் மச்சானுக்கு வாங்கிக் குடுத்ததெல்லே?"

உள்ளே நடுங்கி நடுங்கி ஒரு மூச்சு. பிறகு, மிக மெதுவாக, ஒரு குரல்.

"நீயே சொல்லு, தங்கச்சி."

கிருஷ்ணராசா நிமிர்ந்தார். மஃப்ளரை விடாமலே அவளைப் பார்த்தார்.

"என்னத்தைச் சொல்லச் சொல்லுறார்?"