ஒதுங்கிய இழைகள்

முதல் படத்தில் கீழ்நோக்கிக் கிடந்த இழை இரண்டாவது படத்தில் மேல்நோக்கி வளைந்திருந்தது. அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். செல்லுக்குள் எலும்புக்கூடாக நின்று அதன் வடிவத்தைத் தாங்கும் புரத இழை அது. கடுங்குளிரில் கண்ணாடியாக உறைந்துபோன செல்லில் எதுவும் அசைய வழியே இல்லை.

ஜன்னலில்லாத அந்த அறையில் எலக்ட்ரான் நுண்ணோக்கி கூரையை முட்டி நின்றது. பம்பின் ஓயாத முனகலும், திரவ நைட்ரஜன் புகையாகத் தரையில் படர்ந்து கணுக்காலைக் கவ்வும் குளிரும், மூலை இருட்டும் அவளுக்குப் பழகியவைதான். ஆனால் இன்று கருவிக்குள் இருந்தவை அக்காவின் செல்கள்.

அக்கா ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடந்தபோது அவள் லீவு கேட்டாள். பேராசிரியர் கொடுக்கவில்லை. அக்காவின் கட்டியிலிருந்து எடுத்து வளர்த்த செல்களை மட்டும் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மூன்றாவது படம். நுண்ணோக்கியின் எலக்ட்ரான் கதிர் பட்ட இடத்தை விட்டு இழைகள் எல்லாம் ஓர் ஓரமாகக் குவிந்திருந்தன. சூடுபட்ட கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டதைப் போல.

போன் செய்தாள். "சார், இழையெல்லாம் நகருது. வலிக்குதோ என்னவோ..."

"உறைஞ்சதுக்கு என்னம்மா வலி? இரு, நானே வர்றேன்."

வந்து பார்த்தவரின் முகம் மலர்ந்தது. "அடேயப்பா! கதிரைக் கூட்டு."

"வேணாம் சார். அது எங்க அக்கா."

"உங்க அக்கா போய்ச் சேர்ந்தாச்சு. இது சாம்பிள்."

அவளை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்து கதிரைக் கூட்டினார். எங்கிருந்தோ முடி கருகும் வாடை. பம்பின் முனகல் மாறியது. பல்லைக் கடித்து அடக்கும் முனகல். அக்காவிடம் போனில் கடைசியாகக் கேட்ட அதே குரல்.

அடுத்த செல்லுக்கு நகர்த்தினார். கதிர் இதுவரை தீண்டாத செல். அதன் முதல் படத்திலேயே இழைகள் ஓரத்தில் ஒடுங்கிக் கிடந்தன. அதற்கடுத்ததிலும் அப்படியே. தெரிந்துவிட்டது அவற்றுக்கு.

"நிறுத்துங்க சார்!"

அவர் இன்னும் கூட்டினார்.

முனகல் நின்றது. திரையில் இழைகள் மெல்ல விரிந்தன. நிதானமாக. வலி விட்டதைப் போல.

"சார்?"

அவருடைய வலது கை மேசைமேல் துவண்டு கிடந்தது. காலிக் கையுறை மாதிரி. விரல் இல்லை, மணிக்கட்டு இல்லை, வெறும் தோல். இடப்பக்கம், சட்டைக்குள், எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி ஒதுங்கிக்கொண்டிருந்தன. மெல்லிய நெறுநெறுப்பு.

சரிந்த முகத்தில் கண்கள் மட்டும் விழித்திருந்தன. அவளையே பார்த்தன.