கார்னிவலுக்குப் பிறகு தடித்த இரத்தம்

மழையில் குடையில்லாமல் வந்து நிருபமா வீட்டுக் கதவைத் தட்டிய மரியமலர், உள்ளே வந்ததும் உட்காரக்கூட இல்லை.

"என்ரை மனுசனுக்கு நான் நஞ்சு வைக்கிறன் எண்டு மச்சாள் சொல்லுறா, அக்கா. அவரும் நம்பிட்டார் போல இருக்கு. நான் சமைச்சதை ஒரு கிழமையாத் தொடுறாரில்லை."

அது 2006 மே மாதம். உலகக் கோப்பை வருகிறதென்று ஜெர்மனியின் பான் நகரத்து பால்கனிகளில் கொடிகள் தொங்க ஆரம்பித்திருந்தன. நிருபமா அங்குள்ள பல்கலைக்கழகத்தில் தாவர வேதியியல் ஆராய்ச்சி செய்பவர், திருச்சிக்காரர். யாரோ ஒரு வீட்டில் காணாமல் போன தாலிக்கொடியை பிரஷர் குக்கர் மூடிக்குள் கண்டுபிடித்துக் கொடுத்ததிலிருந்து, ஊரில் எந்தத் தமிழ் வீட்டில் என்ன குழப்பம் என்றாலும் அவர் வீட்டுக்குத்தான் ஆள் வரும். குழப்பம் வரும் நேரமாகப் பார்த்து அங்கே ஓசியில் டீ குடித்துக்கொண்டிருப்பவன் ராகவ். மென்பொருள் எழுதுவது அவன் வேலை, துப்புத் துலக்குவது அவன் ஆசை. இரண்டில் எதில் தப்பு அதிகம் என்று சொல்வது கஷ்டம்.

"உட்காருங்க. முதல்ல இருந்து சொல்லுங்க," என்றார் நிருபமா, ஒரு துண்டை நீட்டி.

மரியமலர் சொன்னது இதுதான். அவர் கணவர் லூக்காஸுக்குப் போன இலையுதிர் காலத்தில் இதய வால்வு மாற்றினார்கள். இரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை, மரியமலர் சொல்லில் குளிசை. அடிக்கடி டாக்டரிடம் போய் இரத்தம் சோதிக்க வேண்டும். தடித்தால் வால்வில் கட்டி விழும், மெலிந்தால் உள்ளே கசியும். இரண்டுமே உயிருக்கு ஆபத்து.

"மாரிக்குளிர் முழுக்க ஒரு பிரச்சினையும் இல்லை. கார்னிவல் முடிஞ்சு சோதிக்கப் போன இடத்திலை இரத்தம் தடிச்சிட்டுது எண்டார் டாக்டர். குளிசை மறக்கிறீங்களோ எண்டு கேட்டார். இல்லை எண்டம். அளவைக் கூட்டினார். பிறகும் காணாது எண்டு இன்னும் கூட்டினார். நான் இரவு வேலைக்குப் போறனான், அந்தக் களைப்பிலை குளிசை குடுக்க மறக்கிறன் எண்டு மச்சாள் சொல்லத் தொடங்கினா."

மச்சாள் என்றது லூக்காஸின் அக்கா லூர்தம்மாவை. இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்.

"பெரிய வெள்ளிக்குக் கிட்ட, குளிசைப் பெட்டியை இவரே தன்ரை பொக்கெற்றிலை வைச்சிருக்கோணும் எண்டு நிண்டா. வைச்சார். இரத்தம் உடனை சரியா வந்துட்டுது! பாத்தியோ, இவளின்ரை கையை எடுத்தவுடனை சரி எண்டு சொன்னா. நானும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தன்."

"அப்புறம்?" என்றான் ராகவ், நாற்காலியின் நுனியில்.

"உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு எல்லாம் தலைகீழ். மூக்காலை இரத்தம். கையெல்லாம் நீலமாக் கண்டிப்போச்சுது. அளவுக்கு மிஞ்சி மெலிஞ்சிட்டுது எண்டு டாக்டர் பயப்பிடுறார். குளிசையைக் கொஞ்சம் குறைச்சும் நிக்கேல்லை. குளிசை இவரின்ரை பொக்கெற்றிலை. அப்ப நான் சாப்பாட்டிலை ஏதோ கலக்கிறனாம். வாற ஞாயிறு தம்பியைத் தன்னோடை கூட்டிக்கொண்டு போறாவாம். இருவத்தைஞ்சு வருசம் அக்கா. அவர் என்னைப் பாக்கிற பார்வையைத்தான் என்னாலை தாங்க ஏலாது."

ராகவ் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். முதலில் தடித்ததாம், நடுவில் சரியானதாம், கடைசியில் மெலிந்ததாம். ஒரு மனிதரின் இரத்தம் இப்படியா கட்சி மாறும்? ஆனாலும் மடிக்கணினியைத் திறந்து தேடிய வேகத்தில் குற்றவாளியைப் பிடித்துவிட்டான்.

"மேடம், கேஸ் சிம்பிள்! பூண்டு, இஞ்சி, மஞ்சள், மூணுமே பிளட்டை மெலிசாக்குமாம். வில்லன் ரசம்தான்!"

"ரசம் எப்பவும் வைக்கிறனான் தம்பி," என்றார் மரியமலர் பரிதாபமாக.

"அதோட, முதல்ல தடிச்சதே ராகவ். அதுக்கு உன் ரசம் என்ன பதில் சொல்லும்?" என்று கேட்டுவிட்டு நிருபமா கோட்டை எடுத்து மாட்டினார். "வாங்க, வீட்டைப் பார்க்கலாம்."

வீடு மூன்றாம் மாடியில். கூடத்து மாதா படத்துக்குப் பின்னால் குருத்தோலையில் பின்னிய சிலுவை ஒன்று காய்ந்து செருகியிருந்தது. மேசையில் பேக்கரித் தாள்பைகள் குவிந்து கிடந்தன. லூக்காஸ் சாளரத்தோரம் உட்கார்ந்து வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் குளிசைப் பெட்டி துருத்திக்கொண்டிருந்தது. மனைவி உள்ளே வந்ததும் அவர் கை தன்னையறியாமல் அந்தப் பையைப் பொத்தியது.

சமையலறையில் அவன் ஒன்றையும் விடவில்லை. அலமாரியைக் குடைந்தான், குப்பைக் கூடையை முகர்ந்தான். மிளகாய்த்தூளை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, கண்ணில் நீரோடு சந்தேகப் பட்டியலிலிருந்து அதை நீக்கினான். நிருபமா ஓர் இடத்தில் மட்டும் நின்றார். பாத்திரத் தட்டில் நாலைந்து வெள்ளை பிளாஸ்டிக் டப்பாக்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. எத்தனை தேய்த்தும் போகாத பச்சைக் கறை உள்ளே படிந்திருந்தது.

"இது யாருது?"

"மச்சாளின்ரை. சண்டைக்குப் பிறகு அவவும் வந்து எடுக்கேல்லை, நானும் கொண்டுபோய்க் குடுக்கேல்லை."

"டாக்டர் சாப்பாட்டைப் பத்திக் கேட்டாரா?"

"கேட்டவர்," என்று கூடத்திலிருந்து லூக்காஸே பதில் சொன்னார். "சாப்பாட்டிலை ஏதும் மாத்தமோ எண்டார். ஒண்டுமில்லை, வழமையான சாப்பாடுதான் எண்டன்."

நிருபமா தலையாட்டிக்கொண்டார். "லூர்தம்மாவை வரச் சொல்லுங்க."

லூர்தம்மா வந்தார். கழுத்தில் செபமாலை, முகத்தில் தீர்ப்பு. தம்பியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். மரியமலர் சமையலறைக் கதவோரமே நின்றார். நடுவில் ராகவ், யாரைப் பார்ப்பதென்று தெரியாமல் விழித்தான்.

"பெட்டி ஈஸ்டருக்கு முன்னாடியே லூக்காஸ் அண்ணா பைக்குப் போயிடுச்சு," என்று ஆரம்பித்தார் நிருபமா. "ஒரு வாரமா சாப்பாடும் பேக்கரியிலேருந்து. மரியமலர் கை எதுலயும் படல. அப்படியும் மூக்கில ரத்தம் நின்னுதா?"

"இல்லை," என்றார் லூக்காஸ் மெதுவாக. "கூடிப்போச்சுது."

"அப்ப அவங்க சாப்பாட்டுல விஷம் இல்ல. அதை நிறுத்தினதும் குறையணுமே."

லூர்தம்மா விடவில்லை. "அப்ப பெட்டியை வாங்கினவுடனை சரியா வந்தது எப்பிடி?"

"அதே சமயத்துலதான் டாக்டர் ரெண்டாவது தடவையா மாத்திரையைக் கூட்டியிருந்தார். வேலை செஞ்சது அது. பேர் வாங்கினது சட்டைப் பை." நிருபமா ராகவ் பக்கம் திரும்பினார். "கார்னிவல் முடிஞ்சதும் என்ன வருது, சொல்லு?"

ராகவ் யோசித்தான். கார்னிவல் என்றால் அவனுக்கு முகமூடி, காது கிழியும் பாட்டு, வண்டியிலிருந்து வீசும் மிட்டாய். மறுநாள் ஏன் எல்லாம் அடங்கிப்போகிறது என்று அவன் கேட்டதே இல்லை. "தெரு கூட்டுவாங்க?" என்றான்.

"விபூதிப் புதன்," என்றார் மரியமலர் கதவோரத்திலிருந்து. "தவக்காலம் தொடங்கும்."

"தவக்காலத்துல என்ன சாப்பிடுவீங்க?"

"மச்சம் தொடுறேல்லை. மீனில்லை, இறைச்சியில்லை. மரக்கறிதான்." லூக்காஸ் இதில் என்ன புதுசு என்பதுபோல் பார்த்தார். "சின்ன வயசிலையிருந்து ஒவ்வொரு வருசமும் அதுதானே. வழமைதானே?"

"உங்களுக்கு வழமை. அதான் டாக்டர் கேட்டப்ப உங்களுக்குத் தோணல. அவர் மாற்றம்னு கேட்டார், நீங்க வருஷா வருஷம் வர்றதை நினைச்சு இல்லைன்னீங்க. மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சப்புறம் வந்த முதல் தவக்காலம் இது." நிருபமா டப்பாக்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "லூர்தம்மா, இதுல என்ன கொண்டுவந்தீங்க?"

லூர்தம்மாவின் குரல் பெருமையாகவே வந்தது. "கீரை வறை. பசளிக்கீரையும், இஞ்சத்தைச் சுருள் இலைக் கோவாக்கீரையும். முருங்கையிலை இஞ்சை எங்கை கிடைக்குது? தம்பியின்ரை இதயத்துக்காக மாதாவுக்கு நேர்த்தி வைச்சன். தவக்காலம் முடியுமட்டும் நாள் தவறாமல் என்ரை கையாலை இலைக்கறி. உயிர்த்த ஞாயிறோடை நேர்த்தி முடிஞ்சுது, நிப்பாட்டினன். கீரை உடம்புக்கு நல்லதுதானே?"

"ரொம்ப நல்லது. ஆனா அந்தப் பச்சை இலையில ரத்தம் உறையறதுக்கு உதவுற ஒரு சத்து இருக்கு. இந்த மாத்திரை அதோடதான் மல்லுக்கட்டுது. திடீர்னு தினமும் ஒரு டப்பா கீரை போனா மாத்திரை தோத்துப்போகும். டாக்டர் கூட்டிக் கூட்டி ஜெயிக்க வச்சார். ஈஸ்டரோட கீரை நின்னுபோச்சு, கூட்டின மாத்திரையில கொஞ்சம்தான் குறைஞ்சுது. அப்புறம் சந்தேகப்பட்டு வெறும் ரொட்டி. இலையே இல்ல. ரத்தம் தண்ணியாகாம என்ன செய்யும்?"

ராகவுக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை நேரம் நஞ்சைத் தேடிய வீட்டில் மருந்தும் நல்ல சாப்பாடும் தவிர வேறெதுவுமே இருக்கவில்லை.

"அப்ப... நான்தானா?" லூர்தம்மா தம்பியின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "நானே என்ரை தம்பிக்கு..."

"யார் மேலயும் தப்பு இல்ல. டாக்டருக்கு இப்பவே போன் பண்ணி இதைச் சொல்லுங்க. கீரையை விட வேண்டாம், எப்பவும் ஒரே அளவா சாப்பிடணும். மாத்திரை அளவை அவர் பார்த்துப்பார்."

லூக்காஸ் அப்போதே எழுந்து தொலைபேசியில் எல்லாவற்றையும் ஜெர்மனில் சொன்னார். மாலையே வரச் சொன்னார்களாம். பிறகு சட்டைப் பையிலிருந்து பெட்டியை எடுத்து மனைவியிடம் நீட்டினார். "மலர். இனி நீரே வைச்சிரும்."

மரியமலர் வாங்கவில்லை. உள்ளே போய் ஒரு தட்டில் சோறும் மீன்குழம்பும் கொஞ்சம் கீரையும் போட்டுக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தார்.

"முதல் இதைச் சாப்பிடுங்கோ. பெட்டியைப் பிறகு பாப்பம்."

லூக்காஸ் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைக்கும்வரை மரியமலர் நகரவில்லை. வைத்தபின்தான் அழுதார், ஒரு வாரத்து அழுகையையும் சேர்த்து.

லூர்தம்மா தன் டப்பாக்களைப் பொறுக்கிக்கொண்டு வாசலை நோக்கித் திரும்பினார். மரியமலர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, மேலேயிருந்த டப்பாவை அவர் கையிலிருந்து வாங்கினார்.

"நில்லுங்கோ மச்சாள். வெறும் டப்பா குடுத்து அனுப்பிப் பழக்கமில்லை," என்று சொல்லிவிட்டு, மீன்குழம்பை அள்ளி அதில் ஊற்றினார்.